போன நாணயம் திரும்பும் வழி

(பழவேற்காடு ஏரிக்கரை ஊர்களின் ஊராட்சிப் பணியாளரும், மீனவரும், உழவரும் கூடிய அவையில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)

 

சாலை, குடிநீர், பள்ளிக் கட்டடம், படகுத்துறை ஆகியவற்றைப் பற்றி நாம் அடிக்கடி கூடிப் பேசுகிறோம். அவை கண்ணுக்குத் தெரியும் செல்வங்கள். இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருளோ கண்ணுக்குத் தெரியாத செல்வம். அதுவே ஒருவருடைய நாணயம். தமிழில் இச்சொல்லுக்குப் பொருள் இரண்டு. கையிலுள்ள காசும் நாணயம். கொடுத்த சொல்லைக் காப்பதும் நாணயம். முதலாவது போனால் உழைத்து ஈட்டலாம். இரண்டாவது போனால் என் செய்வது? குறிப்பாக, படைப்பணி முடித்து ஊர் திரும்பியவரும், மணவாழ்க்கை முறிந்து தனித்து நிற்பவரும் கடன் ஏட்டில் கெட்ட பெயரோடு நின்றால், அவர்கள் மீள வழி உண்டா? உண்டு. அந்த வழி யாது என்பதே இன்றைய பேச்சு.

பாடு கற்பிக்கும் பாடம்

நாணயம் என்பது இவ்வேரிக்கரை மக்களுக்குப் புதிய செய்தி அன்று. சிலிகைக்கு அடுத்தபடியாக நம் நாட்டின் இரண்டாவது பெரிய உப்பங்கழி ஏரி இது. தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலுமாகப் பரந்து கிடக்கும் இந்நீர்ப்பரப்பில் வரப்பும் இல்லை, வேலியும் இல்லை. எனினும், எந்த ஊரார் எந்நாளில் எவ்விடத்தில் வலை கட்டுவது என்பதைப் பாடு முறை வகுத்திருக்கிறது. சீட்டுப் போட்டு, முறை வைத்து, அவரவர் நாளில் அவரவர் இறங்குகின்றனர். இன்று நல்ல இடம் கிடைத்தவருக்கு நாளை வேறிடம். இம்முறை இத்தனை தலைமுறையாக நிலைத்ததற்குக் காரணம், தன் முறை வரும் என்ற நம்பிக்கையும், பிறர் முறையில் தலையிடலாகாது என்ற கட்டுப்பாடும் அல்லவா?

கடனும் ஒருவகைப் பாடுதான். வாங்கும் முறை ஒரு நாள், திருப்பும் முறை ஒரு நாள். தன் நாளில் தவறாது நிற்பவனே நாணயமுள்ளவன். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. பாட்டில் நம் நடத்தையை ஊரார் கண்ணால் காண்கின்றனர். வங்கியோ நம்மைக் காண்பதில்லை; ஏட்டை மட்டுமே காண்கிறது.

ஏடறிந்த நாணயம்

அந்த ஏட்டைப் பற்றிச் சிறிது விளக்குவோம். மக்கள் வழக்கில் 'சிபில்' எனப்படுவது கடன் தகவல் நிறுவனம் ஒன்றன் பெயர். 2005ஆம் ஆண்டின் கடன் தகவல் நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ், டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என நான்கு நிறுவனங்கள் இயங்குகின்றன. நாம் வாங்கிய கடன், கட்டிய தவணை, தவறிய தவணை, பிறருக்குப் போட்ட ஜாமீன் ஆகிய அனைத்தும் வங்கிகளிடமிருந்து இவற்றுக்குச் செல்கின்றன. அவற்றைக் கொண்டு 300 முதல் 900 வரை ஒரு மதிப்பெண் இடப்படுகிறது. மதிப்பெண் உயர்ந்தால் வங்கியின் நம்பிக்கை உயரும். ஒரு கடனில் பாக்கி 90 நாளுக்கு மேல் நின்றுவிட்டால் வங்கி அதனை வாராக்கடன் என வகைப்படுத்துகிறது. அந்தக் குறிப்பு பல ஆண்டுகள் நம்மைத் தொடர்ந்து வரும்.

படைவீரர் நாணயம் கெடுவது எங்ஙனம்?

எடுத்துக்காட்டாக ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். ஏரிக்கரை ஊரினர் ஒருவர் இளமையில் படையிற் சேர்ந்து, பதினேழு ஆண்டு பணியாற்றி, நாற்பது வயதுக்குள் ஊர் திரும்புகிறார். பணியில் இருந்தபோது வீடு கட்ட மனைவியோடு கூட்டாக ஒரு கடன் வாங்கினார். உடன் பணியாற்றிய நண்பருக்கு ஒரு ஜாமீன் போட்டார். தவணை சம்பளக் கணக்கிலிருந்து தானே பிடிக்கப்பட்டு வந்தது. பணி முடிந்தது, சம்பளம் நின்றது, ஓய்வூதியம் வேறொரு கணக்கில் வந்து விழத் தொடங்கிற்று. பழைய கணக்கில் தவணை பிடிக்கப் பணமில்லை. வங்கி விடுத்த அறிவிப்போ அவர் விட்டுவந்த பழைய படைமுகாம் முகவரிக்குப் போயிற்று.

இடையில் மணமுறிவும் ஏற்பட்டது. வீட்டை மனைவிக்கு விட்டுக்கொடுத்தார். எஞ்சிய தவணையை அவரே கட்டுவார் என எண்ணினார். மனைவியோ, கடன் கணவன் பெயரில்தானே இருக்கிறது என்று எண்ணினார். இருவரும் கட்டவில்லை. ஓராண்டு கழித்துப் படகு வாங்க வங்கிக்குச் சென்றவருக்கு, 'உங்கள் சிபில் சரியில்லை' என்ற மறுமொழியே கிடைத்தது. குழுவில் கடன் கேட்ட அம்மையாருக்கும் அதே மறுமொழி.

இவர்களில் எவரும் ஏமாற்றுக்காரர் அல்லர். ஆயினும் ஏடு இருவரையும் நாணயமற்றவர் என்கிறது. 1925ஆம் ஆண்டிலேயே இந்தியப் படைவீரர் வழக்குச் சட்டம் இயற்றப்பட்டது. எல்லையில் நிற்கும் வீரர் ஊரிலுள்ள நீதிமன்றத்துக்கு வந்து வழக்காட இயலாது என்பதை உணர்ந்து, சிறப்பு நிலைமைகளில் பணியாற்றுவோர்மீதான வழக்கை ஒத்திவைக்க அது வழி செய்தது. கடன் மதிப்பெண் ஏட்டுக்கோ அத்தகைய இரக்கம் இல்லை. ஆதலின் வீரரே விழிப்பாயிருத்தல் வேண்டும்.

இதனால் விளையும் கேடு

வங்கிக் கதவு சாத்தப்பட்டால் திறந்திருக்கும் கதவு இரண்டே. ஒன்று, மீன் வியாபாரியின் முன்பணம். அதனை வாங்கியவர் தாம் பிடித்த இறாலையும் நண்டையும் அவரிடமே, அவர் சொன்ன விலைக்கே கொடுக்க வேண்டியவராகிறார். வட்டி வெளியே தெரியாது. விலைக்குறைவில் மறைந்து நிற்கும். நாட்டுக்காக எல்லையில் நின்றவர், தம் வலையில் விழுந்த மீனுக்குத் தாம் விலை சொல்ல இயலாத நிலை வருத்தத்துக்குரியதன்றோ?

மற்றொன்று தண்டல். ஒரு கணக்குப் பார்ப்போம். 10,000 ரூபாய்க் கடனுக்கு 1,500 ரூபாயைப் பிடித்துக்கொண்டு 8,500 ரூபாய் கையில் தருகின்றனர் எனக் கொள்வோம். நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். அசல் நாள்தோறும் குறைந்துவருவதையும் கருதினால், இவ்வட்டி ஆண்டுக்கு 100 விழுக்காட்டையும் தாண்டிவிடும். மீனவர்க்கும் வழங்கப்படும் கிசான் கடன் அட்டையின்கீழ், குறித்த நாளில் திருப்புவோர்க்கு, 2 இலட்சம் ரூபாய் வரை, சலுகைகள் போக 4 விழுக்காடே வட்டி ஆகிறது. அதே 8,500 ரூபாயை அவ்வட்டியில் 100 நாள் முழுவதும் வைத்திருந்தாலும் வட்டி 100 ரூபாயைத் தொடாது. 1,500 எங்கே, 100 எங்கே? நாணயம் கெட்டவர் கொடுக்கும் அபராதம் இவ்வேறுபாடுதான்.

தண்டல், மீட்டர் வட்டி, கந்துவட்டி ஆகியவை 2003ஆம் ஆண்டின் தமிழ்நாடு அதிக வட்டி வசூலித்தல் தடைச் சட்டத்தால் தடுக்கப்பட்டவை. ஓய்வூதியம் பெறுவோர் மற்றொன்றையும் அறிந்துகொள்ள வேண்டும். 1871ஆம் ஆண்டின் ஓய்வூதியச் சட்டப்படி, வரவிருக்கும் ஓய்வூதியத்தை முன்கூட்டியே பிறருக்கு எழுதிக்கொடுப்பது செல்லாது. ஆகவே ஓய்வூதிய வங்கி அட்டையைக் கடன்காரரிடம் ஒப்படைத்து மாதந்தோறும் கைகட்டி நிற்கும் வழக்கத்தை இன்றே விட்டொழிக்க வேண்டும்.

மீளும் வழி

முதற்படி, ஏட்டைப் பார்ப்பது. நோய் இன்னதென்று அறியாது மருந்துண்ணலாகாது. நான்கு நிறுவனங்களும் ஒவ்வோர் ஆண்டும் ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2016இல் ஆணையிட்டது. வீட்டிலுள்ள படித்த பிள்ளையின் துணையோடு அந்நிறுவனங்களின் இணையதளத்தில் இதனைப் பெறலாம். கைப்பேசிக்கு வரும் இரகசிய எண்ணை மட்டும் அயலாரிடம் சொல்லலாகாது.

இரண்டாம்படி, கடன்களை மூன்றாகப் பிரிப்பது. நாம் வாங்கி நாம் கட்ட வேண்டியவை ஒரு பட்டியல். கூட்டாகவோ ஜாமீனாகவோ கையெழுத்திட்டவை மற்றொரு பட்டியல். நமக்குத் தொடர்பே இல்லாதவை மூன்றாம் பட்டியல். ஒரே ஊரில் ஒரே பெயருடையார் பலர் இருக்கும்போது ஒருவர் கடன் மற்றொருவர் கணக்கில் ஏறுவதுண்டு. கட்டி முடித்த கடன் முடிக்கப்படாததாக நிற்பதும் உண்டு.

மூன்றாம்படி, பிழையைத் திருத்துவது. கடன் தகவல் நிறுவனத்துக்கோ வங்கிக்கோ முறையீடு அனுப்ப வேண்டும். 30 நாளுக்குள் தீர்வு கிடைக்காவிடில், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்ற விதி 2024 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ளது. அதன் பின்னரும் நியாயம் கிட்டாவிடில், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். இதற்கு வழக்கறிஞர் வேண்டியதில்லை. ரசீதும் தேதியும் வேண்டும். ஆதலின் கட்டிய ஒவ்வொரு தொகைக்கும் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

நான்காம்படி, உண்மையான பாக்கியைத் தீர்ப்பது. வங்கிக்கு ஒளிந்து திரியாமல் நேரிற்சென்று, வருமான நிலையைச் சொல்லி, தவணையைத் திருத்தி அமைக்கக் கோரலாம். ஒன்று கவனிக்கத்தக்கது. பாக்கியில் ஒரு பகுதியை வங்கி தள்ளுபடி செய்து முடித்தால், ஏட்டில் 'சமரசத்தில் தீர்ந்தது' என்ற பொருளில் குறிப்பு ஏறும். முழுவதும் கட்டினால் 'முடிந்தது' என ஏறும். பின்வரும் வங்கி முதற்குறிப்பைக் கண்டால் தயங்கும். இரண்டாவதைக் கண்டால் மகிழும். இயலுமாயின் முழுவதும் கட்டுவதே மேல். இயலாதபோது மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் செய்துகொள்வது, வட்டி வளரவிட்டுக் காலங்கடத்துவதினும் மேல். எவ்வாறாயினும் பாக்கி இல்லை என்ற சான்றிதழை எழுத்தில் பெறாமல் வங்கியை விட்டு வெளியேறாதீர்கள்.

ஐந்தாம்படியே முதன்மையானது. சிறிய கடன் ஒன்றை வாங்கி, நாள் தவறாது கட்டுவது. சிறு வைப்புத் தொகையின்மேல் ஒரு கடன், சங்கத்தில் ஒரு நகைக் கடன், குழுவில் ஒரு சுழல்நிதிக் கடன், இவற்றில் ஏதேனும் ஒன்று போதும். ஏட்டில் பன்னிரண்டு மாதம் தொடர்ந்து 'உரிய நாளில் கட்டப்பட்டது' என்ற குறிப்பு ஏறுமாயின், பழைய கறை மெல்ல மங்கும். 2025 சனவரி முதல் வங்கிகள் பதினைந்து நாளுக்கு ஒருமுறையேனும் இத்தகவலை அனுப்ப வேண்டும் என்பதால், நற்செயலும் விரைவில் ஏட்டில் ஏறுகிறது. ஒரே காலத்தில் ஐந்தாறு இடங்களில் விண்ணப்பிக்க வேண்டாம். அது தவிப்பைக் காட்டும் குறியாகக் கொள்ளப்படும். 'பணம் தந்தால் சிபிலை ஏற்றித் தருகிறோம்' என்று கைப்பேசியில் அழைப்போரை நம்பவே வேண்டாம். உண்மையான குறிப்பைக் காசு கொடுத்து அழிக்க எவராலும் இயலாது.

தவணை நாளும் நம் தொழிலுக்கு ஏற்றதாய் அமைதல் வேண்டும். கோடையில் ஏரி வற்றுகிறது. முகத்துவாரம் மணலால் தூர்ந்துபோகிறது. ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். புயல் எச்சரிக்கை நாளிலும் ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாளிலும் கடலுக்குச் செல்லத் தடை. இவற்றை வங்கி மேலாளருக்கு முன்கூட்டியே எடுத்துரைத்து, வரவுள்ள மாதத்தில் மிகுதியும் வரவற்ற மாதத்தில் குறைவுமாகத் தவணை கேட்பதில் வெட்கமில்லை. உழவர் அறுவடையை ஒட்டித் தவணை கேட்பதில்லையா? மீனவர் சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் உறுப்பினர் 1,500 ரூபாய் சேமித்தால், அரசுகளின் பங்கும் சேர்ந்து 4,500 ரூபாயாகத் திரும்புகிறது. இத்தகைய தொகையைத் தவணைக்கென ஒதுக்குவது நல்லது.

படைவீரருக்கு மற்றொரு வாய்ப்பும் உண்டு. 2024ஆம் ஆண்டு விடுதலை நாளன்று தமிழ்நாடு அரசு அறிவித்த 'முதல்வரின் காக்கும் கரங்கள்' திட்டத்தின்கீழ், முன்னாள் படைவீரர் தொழில் தொடங்க 1 கோடி ரூபாய் வரையிலான வங்கிக் கடனுக்கு 30 விழுக்காடு மூலதன மானியமும் 3 விழுக்காடு வட்டி மானியமும் உண்டு. விவரங்களை மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் அறியலாம். ஆனால் மானியம் தருவது அரசு. கடன் தருவது வங்கி. ஏட்டைச் சரிசெய்யாமல் மானியத்தை மட்டும் நம்பிச் செல்வது, ஓட்டையை அடைக்காமல் படகைத் தள்ளுவதற்கு ஒப்பாகும்.

தனித்து நிற்கும் தாய்மார்களுக்கு

மணமுறிவின்போது கணவனும் மனைவியும் கடனைத் தமக்குள் எவ்வாறு பங்கிட்டுக்கொண்டாலும், அது வங்கியைக் கட்டுப்படுத்தாது. நீதிமன்றத் தீர்ப்பானாலும், ஊர்ப் பெரியோர் முன்னிலையில் எழுதிய பத்திரமானாலும் இதுவே நிலை. 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி, கூட்டாகக் கடன் பெற்றோர் இருவரில் எவரிடத்தும் வங்கி முழுத்தொகையையும் கேட்கலாம். ஜாமீன்தாரரின் பொறுப்பும் கடன் பெற்றவரின் பொறுப்புக்குச் சமமே. ஆதலின் பிரியும் நாளிலேயே மூன்று காரியங்களைச் செய்ய வேண்டும். கூட்டுக் கடனை முடிக்கவோ, வங்கியின் எழுத்து மூலமான ஒப்புதலோடு ஒருவர் பெயருக்கு மாற்றவோ ஏற்பாடு செய்வது. கூட்டுக் கணக்கை நிறுத்தித் தம் பெயரில் தனிக் கணக்குத் தொடங்குவது. புதிய முகவரியையும் கைப்பேசி எண்ணையும் வங்கிக்குத் தெரிவிப்பது. இம்மூன்றும் நடக்குமுன் தவணை நின்றுவிட்டால் கெடுவது இருவர் பெயருமே. கோபம் இருவர்க்கிடையே இருக்கலாம். தவணை நாளில் அது தலையிடலாகாது.

வழக்காட வசதியில்லையே எனப் பெண்கள் தயங்க வேண்டாம். 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி, வருமானம் எவ்வளவாயினும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. இதுவரை தம் பெயரில் கடனே வாங்காத பெண்கள் உளர். கடன் வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக முதன்முறை விண்ணப்பிப்போரைத் தள்ளலாகாது என ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியிருப்பதை, ஒன்றிய நிதி அமைச்சகம் 2025இல் நாடாளுமன்றத்தில் தெரிவித்தது.

நுண்கடன் வாங்குவோர் ஒரு வரம்பை நினைவிற் கொள்ளுங்கள். 2022 ஏப்ரல் முதல் நடப்பிலுள்ள விதிப்படி, குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டலாகாது. வசூலிப்போர் காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் தொல்லை தரலாகாது.

ஊராட்சியின் கடமை

நாணயத்தைத் தனியொருவர் கெடுத்துக்கொள்ளலாம். அதனைத் தனியொருவராக மீட்பது அரிது. இவ்வுண்மையை உலகுக்கு உணர்த்தியவரும் ஒரு முன்னாள் படைவீரரே. செர்மனி நாட்டு ரைஃபைசன் பதினேழு வயதில் படையிற் சேர்ந்தார். கண்நோயால் 1843இல் பணியை விட்டார். 1845இல் ஒரு சிற்றூர்த் தொகுதியின் நிர்வாகத் தலைவரானார். பஞ்சத்தாலும் கடனாலும் நலிந்த உழவரைக் கண்டு, 1864இல் கடன் சங்கம் அமைத்தார். ஒருவரையொருவர் அறிந்த சிறு ஊரில், ஒருவர்க்கொருவர் பொறுப்பேற்றால், சொத்தில்லாதவனுக்கும் நாணயம் உண்டு என்பதே அவர் கண்ட நெறி.

அந்நெறியைச் சென்னை மாகாணத்துக்கு எடுத்துரைத்தவர் பிரெடரிக் நிக்கல்சன். 1895, 1897 ஆம் ஆண்டுகளில் அவர் அளித்த அறிக்கைகளின் பின், 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்தது. அவ்வாண்டிலேயே நம் திருவள்ளூர் மாவட்டத்துத் திரூரில் கூட்டுறவுக் கடன் சங்கம் தோன்றியது. மாகாணத்தின் மீன்வளத் துறைக்கு அடிகோலியவரும் அதே நிக்கல்சனே. கடன் நாணயமும் மீன் தொழிலும் ஒருவர் சிந்தையில் ஒன்றாக இருந்தன என்பது நாம் எண்ணத்தக்கது. எனினும் விதைத்ததெல்லாம் உடனே விளைந்துவிடவில்லை. 1951-52ஆம் ஆண்டின் அகில இந்திய ஊரகக் கடன் ஆய்வு, உழவர் வாங்கிய கடனில் கூட்டுறவின் பங்கு 3 விழுக்காடு அளவே என்றும், லேவாதேவிக்காரர் பங்கு 70 விழுக்காட்டை ஒட்டியது என்றும் காட்டிற்று. அந்நிலையினின்று நாம் நெடுந்தூரம் வந்திருக்கிறோம். வந்த தூரத்தை இழந்துவிடலாகாது.

ஆகவே ஊராட்சியார் செய்யத்தக்கவை சில உள. ஆண்டுக்கு ஆறு முறை கூடும் கிராம சபையில் ஒன்றிலேனும், வங்கியாளரையும் சட்டப்பணிகள் குழுவினரையும் அழைத்துக் கடன் ஏடு பார்க்கும் முகாம் நடத்தலாம். ஊர் திரும்பும் படைவீரர் ஒவ்வொருவரையும் முதல் மாதத்திலேயே கண்டு, முகவரியும் கணக்கும் மாற்றினாரா எனக் கேட்கலாம். மணமுறிவு பெற்ற பெண்ணை மகளிர் குழுவினின்று விலக்காமல், சிறு கடன் ஒன்றில் அவர் தம் பெயரை நிலைநாட்ட இடந்தரலாம். பிறர் கடன் நிலையை ஊர்ப்பேச்சாக்காமல் காக்கலாம். வெட்கமே பலரை வங்கி வாயிலினின்று தடுத்துத் தண்டல்காரரிடம் தள்ளுகிறது.

பெரியோர்களே! போன நாணயம் பெருந்தொகை ஒன்றை ஒரே நாளில் கொட்டுவதால் திரும்புவதில்லை. சிறு தொகையை நாள் தவறாது கட்டுவதால் திரும்புகிறது. ஏரியில் பாடு தவறாத கை, ஏட்டிலும் தவணை தவறாதிருக்கட்டும். வரும் கிராம சபைக்குள் உங்கள் ஊரில் எத்தனை பேர் தம் அறிக்கையைப் பெற்றுப் பார்த்தனர் என்ற கணக்கோடு வாருங்கள்; திருத்தம் வேண்டுவோர்க்கு மனு எழுத நாம் அனைவரும் துணை நிற்போம்.